மகேன் அண்ணே பார்த்து எடுத்த பூனை

ஈப்போ நகரின் புந்தோங்கில் எங்கள் வரிசை வீடுகளில் யார் பழைய கார் வாங்கப் போனாலும் மகேந்திரன் அண்ணனைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். கார் மட்டுமில்லை. பழைய மோட்டார்சைக்கிள், ஐஸ்பெட்டி, தீபாவளிக்கு வெட்டுகிற ஆடு, சாலையோரம் குவித்து வைத்திருக்கும் டுரியான் என்று எதுவானாலும் அவர் கண் பட்டாக வேண்டும். போன இடத்தில் அவர் அதிகம் பேசமாட்டார். காரைச் சுற்றி ஒரு நடை நடப்பார். குனிந்து அடிப்பக்கம் பார்ப்பார். இன்ஜினை முடுக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு விற்கிறவரிடம், இதை முன்னால் யார் வைத்திருந்தது, எங்கே சர்வீஸ் செய்தது, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்பார். பதிலைக் கேட்டுவிட்டு எங்களைப் பார்த்து "எடு" என்பார், இல்லாவிட்டால் "வேணாம்லா, வா போலாம்" என்பார். மகேன் பார்த்து எடுத்தால் தப்பாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சே இருந்தது. நான் ஓட்டுகிற மோட்டார்சைக்கிளும் அவர் பார்த்து எடுத்ததுதான். பதினொரு வருடமாக ஓடுகிறது.

என் பெயர் தனேஸ்வரன். அவருக்கு அடுத்த வீடு. மெங்லெம்பு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அண்ணனுக்கும் எனக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அவர் பஸ் கம்பெனி ஒன்றின் பட்டறையில் முப்பத்து மூன்று வருடம் இருந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். மனைவி விமலா அக்கா சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே பால்மரம் வெட்டப் போனவர். தோட்டத்தை விற்று லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்ன பிறகு ஈப்போவுக்கு வந்து, கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தார். இப்போது கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க மேசைக்காலைப் பிடிக்க வேண்டும். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில் இருக்கிறார்கள்.

கோவிட் அடங்கிய வருடம் அது. அண்ணன் ஓய்வு பெற்று, வீட்டில் செய்ய ஒன்றும் இல்லாமல் கைப்பேசியே கதி என்று இருந்தார். ஒருநாள் காலை கோப்பிக் கடையில் என்னிடம் ஒரு வீடியோவைக் காட்டினார். உருண்டை முகம், பெரிய கண், இரண்டு காதும் முன்பக்கம் மடிந்து தலையோடு ஒட்டிக்கொண்ட ஒரு பூனை. தொப்பி போட்ட குழந்தை மாதிரி இருந்தது. மனிதர்கள் நாற்காலியில் சாய்வது போல முதுகைச் சோபாவில் சாய்த்து, பின்கால் இரண்டையும் முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தது.

"ஸ்காட்டிஷ் ஃபோல்டு" என்றார். "ஒரிஜினல் ஜாதி. ஈப்போல எத்தன பேரு வச்சிருப்பான் சொல்லு?"

விமலா அக்காவுக்கு அதில் விருப்பமில்லை. "பின்வாசல்ல, தெருவுல திரியுற ரெண்டு கம்போங் பூனை தெனம் வந்து தின்னுட்டுப் போவுது. அதுல ஒன்ன வச்சுக்கலாமே" என்றார்.

"முப்பத்து மூணு வருஷம் கிரீஸ்ல கெடந்தேன் விமலா. ஒரே ஒரு தடவ நல்ல சாமானா ஒன்னு வச்சுப் பாக்கணும்லா."

 அந்தப் பேச்சு நடந்தபோது நானும் அங்கே இருந்தேன். அண்ணன் பக்கம் சேர்ந்துதான் சிரித்தேன்.

பாரிட் புந்தாரில் நஜ்லா என்ற பெண் வீட்டிலேயே பூனை வளர்த்து விற்கிறாள் என்று கைப்பேசியில் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரில் போனோம். தைப்பிங் தாண்டி, இருபுறமும் வயலாக இருக்கும் சாலையில் போகும்போது அண்ணன் புதுமாப்பிள்ளை மாதிரி சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். நஜ்லாவின் அப்பா அப்துல் நாசர் முன்பக்கம் உணவகம் நடத்துகிறார். எங்களுக்குத் தேத்தாரே டீ ஆற்றிக் கொடுத்து, பின்னால் இருக்கும் அறைக்கு அனுப்பினார். சுத்தமான அறை. குளிர்சாதனம் ஓடியது. நஜ்லாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு பூனையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பூனைகளை நேசிக்கிற பெண்தான். அதை இப்போதும் நான் மறுக்கமாட்டேன்.

குட்டிகள் நான்கு. மூன்றுக்குக் காது மடிந்திருந்தது. நான்காவது சாம்பல் நிறக் குட்டிக்கு மட்டும் காது சாதாரணப் பூனை மாதிரி நிமிர்ந்து நின்றது. அது நாங்கள் நுழைந்ததிலிருந்து திரைச்சீலையில் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தது.

"அம்மா அப்பா ரெண்டுக்குமே மடிஞ்ச காது அங்கிள். அதனாலதான் குட்டிங்களுக்கு இவ்ளோ அழகா படிஞ்சிருக்கு" என்றாள் நஜ்லா.

அண்ணன் தலையாட்டினார். மூன்றில் மிகச் சிறியதை எடுத்தார். வெள்ளையில் மஞ்சள் திட்டுப் போட்ட ஆண்குட்டி. காது இருக்கிறதா என்றே தேட வேண்டும், அவ்வளவு ஒட்டிக் கிடந்தது. கார் பார்க்கிற மாதிரியே பார்த்தார். பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், வாலைப் பிடித்தார். வால் குட்டையாக, கட்டையாக இருந்தது. கொஞ்சம் வளைத்துப் பார்த்தார். குட்டி "மீ" என்று ஒரே ஒரு சத்தம் போட்டது.

"பாத்தியா, எவ்ளோ உறுதி. சேசிஸ் நல்லாருக்கு" என்றார் என்னிடம்.

நஜ்லா சிரித்தாள். "இது கொஞ்சம் அமைதியான குட்டி அங்கிள். ஓடாது, ஆடாது. வச்ச எடத்துல உக்காந்திருக்கும்."

"அதான் வேணும்."

தாய்ப்பூனை மூலையில் மெத்தை மேல் இருந்தது. குட்டி சத்தம் போட்டபோது தலையைத் தூக்கிப் பார்த்தது. எழுந்து வரவில்லை. எனக்கு அது கொஞ்சம் விநோதமாகப் பட்டது. எங்கள் தெருப் பூனைகளின் குட்டியைத் தொட்டால் தாய் பாய்ந்து வரும். ஆனால் ஜாதிப் பூனை இப்படித்தான் போல என்று நினைத்துவிட்டேன். அண்ணன் அன்றைக்கு எதுவுமே கேட்கவில்லை. தாயைக் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. டாக்டரிடம் காட்டியதா என்றும் கேட்கவில்லை. பழைய சைக்கிள் வாங்கக்கூட ஆயிரம் கேட்கிற மனிதர், அந்த உருண்டை முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சும்மா நின்றார்.

நான் எதுவும் வாங்கப் போகவில்லை. கிளம்பும்போது நஜ்லா, திரைச்சீலையில் தொங்கிய சாம்பல் குட்டியை என்னிடம் காட்டி, "இதுக்குக் காது நேரா வந்திருச்சு அண்ணே. யாரும் கேக்கமாட்டாங்க. பெட்ரோல் காசு மாதிரி ஏதாச்சும் குடுத்துட்டு எடுத்துக்கிறீங்களா?" என்றாள். என் மனைவி திட்டுவாள் என்று தெரிந்தும் எடுத்துக்கொண்டேன். அது என் தேர்வு இல்லை. யாரும் கேட்காததை எடுத்து வந்தேன், அவ்வளவுதான்.

அண்ணன் தன் பூனைக்கு டத்தோ என்று பெயர் வைத்தார். விழா மேடையில் முதல் வரிசையில் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் உட்கார்ந்திருப்பது போல அது உட்காருமாம். என் மகள் எங்கள் பூனைக்கு மைலோ என்று பெயர் வைத்தாள். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் வளர்ந்தன. மைலோ ஆறு மாதத்தில் அலமாரி உச்சியில் ஏறிப் படுக்கும். சாமி படத்துக்குப் போட்ட மாலையை இழுத்துப் போடும். சமையலறையில் கிளாஸ் உடையாத வாரம் இல்லை. நான் அண்ணன் வீட்டுக்குப் போய், "ஒங்க பூனையப் பாத்தாவது இது திருந்தக் கூடாதா" என்று புலம்புவேன். டத்தோ சோபாவில் சாய்ந்து, காலை நீட்டி, அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அது உட்காருகிற விதத்தைப் பார்க்கத் தெருவே வந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் எடுத்த வீடியோ ஒன்றை எங்கெங்கேயோ இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்து எடுத்தது தனேசு" என்பார்.

முதலில் கவனித்தவர் விமலா அக்கா.

"இதுக்குக் கால் வலிக்குதுங்க" என்றார் ஒருநாள். நான் அவர்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்து கொடுக்க அண்ணனோடு நின்றிருந்தேன். "சோபாகிட்ட வந்து நிக்குது. மேல பாக்குது. யோசிக்குது. அப்புறம் திரும்பிப் போயிருது. நடக்கும்போது பாருங்க, தரைல ஆணி கெடக்கிற மாதிரி கால எடுத்து வைக்குது."

"ஜாதிப் பூனை அப்படித்தான் நடக்கும். கம்போங் பூனை மாதிரி கூரைல குதிக்குமா?"

"குதிக்க வேணாம். ஏற முடியலங்க அதுக்கு."

அக்கா குளியலறையில் தான் உட்கார்ந்து குளிக்கிற சிறிய பலகையைக் கொண்டுவந்து சோபாவுக்கு முன்னால் போட்டார். டத்தோ அதில் ஏறி, பிறகு சோபாவில் ஏறியது. இரண்டு நாள் கழித்து அண்ணன் பலகையை எடுத்துவிட்டார். பூனை சோம்பேறியாகிவிடும் என்றார். அது உண்மையிலேயே பருத்துக்கொண்டுதான் வந்தது. ஓட்டமில்லை, ஆட்டமில்லை, எடை கூடாமல் என்ன செய்யும்? கைப்பேசியில் யாரோ சொன்னார்களாம், பூனை இளைக்க வேண்டுமென்றால் சாப்பாட்டை உயரத்தில் வை, ஏறி இறங்கினால் உடம்பு குறையும் என்று. அண்ணன் சாப்பாட்டுக் கிண்ணத்தைச் சாப்பாட்டு மேசை நாற்காலி மேல் வைத்தார்.

முதல் நாள் டத்தோ நாற்காலிக்குக் கீழே வெகுநேரம் நின்றது. சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் குதித்தது. குதித்து ஏறியதும் சாப்பிடாமல் கொஞ்ச நேரம் அப்படியே குறுகி இருந்தது. அண்ணன் கைதட்டினார். "பாத்தியா, முடியும்லா அதுக்கு. சும்மா நடிக்குது." நானும்தான் கைதட்டினேன். மூன்று மாதம், ஒருநாளைக்கு இரண்டு வேளை, அந்தப் பூனை பசிக்காக அந்த நாற்காலியில் ஏறி இறங்கியது. அண்ணன் வீட்டில் இல்லாதபோது அக்கா கிண்ணத்தைக் கீழே எடுத்து வைப்பார் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

ஒன்றரை வயது ஆனபோது டத்தோ மணல் தட்டுக்கு வெளியே மூத்திரம் பெய்ய ஆரம்பித்தது. தட்டு ஓரத்திலேயே, சில நாள் தட்டிலிருந்து ஓரடி தள்ளி. அண்ணன் அதட்டினார். பிறகு, பழகட்டும் என்று தட்டோடு சேர்த்துக் குளியலறையில் ஒரு பகல் முழுக்க அடைத்துப் போட்டார். மாலையில் அக்கா கதவைத் திறந்து, பின்பக்கம் கை கொடுத்துத் தூக்கியபோது அது அக்காவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு கீறல்கூட யாருக்கும் போடாத பூனை. அக்கா கையில் ரத்தத்தோடு வெளியே வந்து, "நான் தூக்குன எடம் அதுக்கு வலிச்சிருக்கு. இன்னிக்கே டாக்டர்கிட்ட கொண்டு போங்க. இல்லாட்டி நானே ஆட்டோ கூப்டுட்டுப் போவேன்" என்றார். எங்கள் ஊரில் ஆட்டோவே இல்லை. கோபத்தில் ஏதோ தமிழ்ப் படத்தில் பார்த்தது வாயில் வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை மூன்று பேரும் போனோம்.

டாக்டர் பெயர் ஷாமினி. எங்கள் பக்கத்துப் பெண்தான், படித்து வந்து ஈப்போவில் கிளினிக் போட்டிருக்கிறார். டத்தோவைத் தரையில் விட்டு நடக்க வைத்துப் பார்த்தார். வாலை மெதுவாகத் தொட்டார். வளைக்கவில்லை. பின்கால் கணுவைத் தடவியபோது பூனை பல்லைக் காட்டியது. நகங்கள் தேயாமல் நீளமாக வளர்ந்திருந்ததைக் காட்டினார். பிறகு மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்.

திரையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு எதுவும் புரியவில்லை. டாக்டர் முதலில் ஒரு நல்ல பூனையின் காலைக் காட்டினார். சின்னச் சின்ன எலும்புகள், நடுவில் இடைவெளி, ஒவ்வொன்றும் தனித்தனி. பிறகு டத்தோவின் காலைக் காட்டினார். இடைவெளியே இல்லை. மெழுகுவத்தி உருகி வழிந்து இறுகிப்போனது போல, எலும்பைச் சுற்றி எலும்பு கட்டியாக வளர்ந்து, கணு முழுவதும் ஒரே முண்டாக இருந்தது. வால் எலும்புகளும் குறுகி ஒட்டியிருந்தன. அண்ணன் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். பட்டறையில் வாழ்ந்தவர். பிடித்துப்போன மூட்டு எப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"எங்கயாச்சும் விழுந்திருக்குமா டாக்டர்?"

"விழல அங்கிள். இது பொறக்கும்போதே உள்ளது. காது ஏன் மடியுது தெரியுமா? காதுல இருக்கிற குருத்தெலும்புக்கு நிமிந்து நிக்க வலு இல்ல, அதான் மடியுது. ஆனா குருத்தெலும்பு காதுல மட்டும் இல்லியே. கால், வாலு, முதுகு, எல்லா மூட்டுலயும் இருக்கு. அங்கயும் அதே கோளாறுதான். அந்த ஜாதிக்கு இது நோய் வந்ததுன்னு சொல்ல முடியாது. அந்தக் காதே நோய்தான்."

"எல்லா மடிஞ்ச காதுப் பூனைக்குமா?"

"எல்லாத்துக்குமே இருக்கும். சிலதுக்குக் கொஞ்சமா, சிலதுக்கு ரொம்ப. அம்மா அப்பா ரெண்டு பக்கமும் மடிஞ்ச காதா இருந்தா சில குட்டிக்கு ரெண்டு பங்கா வந்துரும். அதுதான் ரொம்ப மோசம். இதோட அம்மா அப்பாவப் பாத்தீங்களா?"

அண்ணன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான், "ரெண்டுக்கும் மடிஞ்ச காதுன்னு சொன்னாங்க" என்றேன்.

"கூடப் பொறந்த என் பூனைக்குக் காது நேரா இருக்கு டாக்டர்" என்றும் கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்போ அதுக்கு அந்தக் கோளாறு இறங்கல. பயப்பட வேணாம்."

விமலா அக்கா மேசையோரம் நின்றிருந்தார். மயக்கத்தில் கிடந்த டத்தோவின் தலையில் கை வைத்திருந்தார். "எப்போலேருந்தும்மா இதுக்கு வலிச்சிருக்கும்?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாது ஆன்ட்டி. சிலதுக்கு ரெண்டு மாசக் குட்டியிலயே ஆரம்பிச்சிரும்."

"ஆனா அது கத்தவே இல்லியே" என்றார் அண்ணன். "ஒரு நாள்கூடக் கத்தல."

"பூனை வலிய வெளிய காட்டாது அங்கிள். அசையாம இருந்துக்கும். காலுக்குப் பாரம் குடுக்காம முதுகுல சாஞ்சு உக்காரும். பாக்கிறவங்க அழகுன்னு படம் எடுப்பாங்க."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவரைப் பார்க்கவில்லை.

இதற்கு மருந்து உண்டா என்றால், குணமாக்க இல்லை. வலி குறைக்க மாத்திரை, அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. எடையைக் குறைக்க வேண்டும், ஆனால் சாப்பாட்டை அளந்து குறைக்க வேண்டுமே தவிர ஓடவிட்டு அல்ல. ஏறி இறங்க எதுவும் வைக்கக் கூடாது. சாப்பாடும் தண்ணீரும் தரையில் இருக்க வேண்டும். மணல் தட்டு விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும், அது உள்ளே கால் வைக்க முடியாமல்தான் வெளியே போயிருக்கிறது என்றார். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா" என்றார். 

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் செய்தது, நாற்காலி மேல் இருந்த கிண்ணத்தை எடுத்ததுதான். எடுத்தவர் அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போலக் கையில் வைத்துக்கொண்டே நின்றாராம். நான்தான் முதலிலேயே சொன்னேனே என்று அக்கா ஒரு வார்த்தை சொல்வார் என்று அன்று முழுவதும் காத்திருந்ததாக அண்ணன் என்னிடம் சொன்னார். அக்கா சொல்லவில்லை. "சொல்லிருந்தா தேவல தனேசு. திட்டுனா சண்டை போட்டு முடிச்சிருக்கலாம்" என்றார்.

மறுவாரம் பாரிட் புந்தாருக்குப் போனோம். போகும்போது அண்ணன் கோபமாகத்தான் இருந்தார். எக்ஸ்ரே படத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நஜ்லா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"எனக்கு இவ்ளோ தெரியாது அங்கிள். கொஞ்சம் மூட்டு வலி வரும்னு படிச்சேன். வயசானா வரும்னு நெனச்சேன்."

"தாய்ப் பூனை எங்க?"

தாய் அதே மூலையில், அதே மெத்தை மேல் இருந்தது. இந்த முறை அண்ணன் முட்டி போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் பின்காலைத் தொடக்கூட இல்லை, மேலிருந்து பார்த்தார். கணு இரண்டும் வீங்கியிருந்தன. நஜ்லாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இத வச்சுக்கிட்டு இன்னும் குட்டி போட விடுறியா நீ?"

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் செய்தாள். "நேரா காது உள்ள குட்டிய நான் விக்க மாட்டேன்னா சொன்னேன்? யாரும் கேக்கல அங்கிள். ஃபோன் பண்றவங்க எல்லாம் காது எவ்ளோ மடிஞ்சிருக்குன்னுதான் கேப்பாங்க. நீங்களும் இருக்கிறதுலயே நல்லா ஒட்டுன காதத்தானே எடுத்தீங்க."

அண்ணன் எழுந்தார். எக்ஸ்ரே படத்தை அவளிடமே விட்டுவிட்டு வெளியே வந்தார். அப்துல் நாசர் தேத்தாரே போடட்டுமா என்று கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை.  கார் தைப்பிங் வந்தபோது, "அவ சொன்னதுல ஒன்னும் தப்பில்ல" என்றார்.

சில மாதம் கழித்து நஜ்லாவின் இணையப் பக்கத்தில் மறுபடியும் மடிந்த காதுக் குட்டிகளின் படம் வந்தது. அண்ணன் கீழே, தயவுசெய்து வாங்குமுன் தாயின் காலைப் பாருங்கள் என்று தமிழிலும் மலாயிலும் எழுதினார். மாலைக்குள் அது அழிக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு அவர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அந்தத் தாய்ப்பூனை என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது.

டத்தோவுக்கு அண்ணன் என்னென்ன செய்தார் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தரையிலிருந்து சோபாவரை பலகையில் சரிவு அடித்து, மேலே கம்பளம் ஒட்டினார். மணல் தட்டின் ஒரு பக்கத்தை அறுத்து, கால் வைக்கிற இடத்தை ராவி வழவழப்பாக்கினார். வழுக்கும் தரை முழுக்க ரப்பர் பாய் விரித்தார். மாத்திரையை மீனுக்குள் வைத்து, அதே நேரத்துக்கு, ஒருநாள் தவறாமல் கொடுத்தார். ஐந்து மாதத்தில் எடை குறைந்தது. ஒருநாள் டத்தோ பந்து ஒன்றை முன்காலால் தட்டியது என்று சொல்ல அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். சின்னப் பிள்ளை நடக்க ஆரம்பித்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். அப்போது எங்கள் மைலோ அலமாரி உச்சியிலிருந்து அவர் காலடியில் தொம்மென்று குதித்தது. அவர் சிரித்தபடியே அதைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வருகிற நேரத்தில் நான் மைலோவை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்த ஆரம்பித்தேன். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். "அது என்ன பாவம் பண்ணுச்சு? தொறந்து விடுலா" என்றார்.

விமலா அக்காவை மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போனதும் அந்த வருடம்தான். அக்கா வேண்டாம் என்றார். அண்ணன் கேட்கவில்லை. முட்டித் தேய்மானம் முற்றிவிட்டது, பத்து வருடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார்களாம். இதை என்னிடம் சொன்னது அண்ணன் இல்லை, அக்கா. சொல்லிவிட்டு, "பாவம் மனுசன், அங்கயே பெஞ்சில உக்காந்துட்டாரு" என்று அவருக்காகத்தான் வருத்தப்பட்டார்.

இரண்டு வருடம் ஓடியது. போன வருடம் ஆகஸ்டில் டாக்டர் ஷாமினி, சிறுநீரகம் தாங்கவில்லை, இனி அந்த மாத்திரையைக் கொடுக்க முடியாது, வேறு மருந்து அவ்வளவு கேட்காது என்றார். டத்தோ அப்போதே முன்காலையும் இழுக்க ஆரம்பித்திருந்தது. "யோசிச்சு வைங்க அங்கிள். அதுக்காக யோசிங்க" என்றார். அண்ணன் யோசிக்கிறேன் என்றார். செப்டம்பரில் இன்னும் சாப்பிடுகிறதே என்றார். அக்டோபரில் தீபாவளி போகட்டும் என்றார். தீபாவளி போயிற்று. நவம்பர் கடைசியில் அது மணல் தட்டுக்குப் போகிற வழியில் பாதியிலேயே படுத்துக்கொண்டது. அக்கா அதன் பக்கத்தில், முட்டி வலியோடு, தரையில் உட்கார்ந்துகொண்டார். "போதும்ங்க" என்றார். அந்த மூன்று மாதத்தைத்தான் அண்ணன் இன்றைக்கும் தாங்கமாட்டாமல் பேசுகிறார். தெரியாமல் செய்தது ஒரு பங்கு, தெரிந்து இழுத்தது ஒரு பங்கு, இரண்டாவதற்கு யார் மேலும் பழி போட வழியில்லை என்பார்.

காலை ஒன்பது மணிக்குப் போனோம். டாக்டர் மேசை மேல் அக்கா கொண்டுவந்த பழைய கைலியை விரித்தார். அண்ணன் டத்தோவின் தலையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். முதலில் மயக்க ஊசி. கொஞ்ச நேரத்தில் அதன் உடம்பு தளர ஆரம்பித்தது. நான்கு வயதுப் பூனை அது. எப்போதும் உடம்பை உள்ளே இழுத்து, முதுகைக் குறுக்கித்தான் நாங்கள் அதைப் பார்த்திருக்கிறோம். அதுதான் அதன் உருவம் என்று நினைத்திருந்தோம். இப்போது முதுகு மெல்ல மெல்ல இறங்கியது, தோள் அகன்றது, கழுத்து நீண்டது. கைலி மேல் அது ஒரு முழங்கை நீளத்துக்குப் பரவிக் கிடந்தது. அவ்வளவு பெரிய பூனை என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

"இது ரெண்டாவது ஊசி அங்கிள்" என்றார் டாக்டர்.

"போடும்மா."

வீடு திரும்பும்போது நான் ஓட்டினேன். அக்கா பின்னால் டத்தோவைக் கிடத்திய பெட்டியை மடியில் வைத்திருந்தார். எங்கள் சந்தில் திரும்பும்போது அண்ணன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்ளோ நாளா எவ்ளோ இறுக்கிப் புடிச்சிட்டு இருந்திருக்கு பாரு தனேசு."

 காரை நிறுத்தினேன். அவர் இறங்கி, பின்கதவைத் திறந்து, அக்காவிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். இன்னொரு கையை அக்கா இறங்கப் பிடிமானமாக நீட்டினார்.